பதினைந்து நாள் படுக்கைக்குப் பிறகு அப்பத்தாவால் ஏன் எழ முடியவில்லை?

கேள்வி: என் அப்பத்தாவுக்கு 76 வயது. தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், பெரிய வீட்டில், துணைக்கு ஒரு அக்காவோடு இருக்கிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போய் வந்த மனுஷி. புரட்டாசியில் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் கட்டிலோடு கிடந்தார். காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. இப்போது தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, திண்ணைப் படி ஏற ஆள் வேண்டியிருக்கிறது. தொடை சூம்பிவிட்டது, ஆனால் எடை முன்பு போலவே 52 கிலோ. சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரியில் கெண்டைக்காலில் கொரக்களி இழுக்கிறது. 'வயசாச்சு, இனி அப்படித்தான்' என்கிறார்கள் வீட்டில். தம்பி புரோட்டீன் பவுடர் வாங்கி வந்திருக்கிறான். சித்தப்பா கரண்ட் வைக்கிற மிஷின் வாங்கலாம் என்கிறார். போன சதை திரும்ப வருமா? கொலஸ்ட்ரால் மாத்திரைதான் காரணமா?
– பேத்தி, சென்னை

பதில்:

திரும்ப வரும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள். ஐம்பது வயதில் இருந்த தொடை வராது. ஆனால் பிறர் கை இல்லாமல் எழுந்து, படி ஏறி, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற அளவு பலம் வருவதற்கு 76 வயது ஒரு தடையே இல்லை. காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறவள் நான். சுற்று வட்டாரப் பெரிய வீடுகளில் உங்கள் அப்பத்தா மாதிரிப் பலரைப் பார்க்கிறேன். பிள்ளைகள் வெளியூரில், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து சில நாள் படுக்கை, பிறகு எழுந்தால் கால் தனக்குச் சொந்தமில்லாதது போல. எல்லோருக்கும் வீட்டில் சொல்லப்படும் ஒரே காரணம் வயது.

வயதுக்கு அதில் பங்கு இல்லாமல் இல்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு வருடத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் தசை குறைகிறது, பலம் அதைவிட வேகமாகக் குறைகிறது. 1980-களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் இதற்கு சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். ஆனால் புரட்டாசிக்கும் மார்கழிக்கும் நடுவில் உங்கள் அப்பத்தாவுக்கு வயது எவ்வளவு கூடிவிட்டது? 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்த இடத்தில் கண்ணைத் திறக்கும். நோய் எதுவும் இல்லாத, சராசரி 67 வயதுள்ளவர்களைப் பத்து நாள் முழுக்கப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை போயிருந்தது, அதாவது இருந்ததில் 6 சதவீதத்துக்கு மேல். வயது சில வருடங்களில் செய்வதைப் படுக்கை பத்து நாளில் செய்தது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, வேளாவேளைக்கு அளவான சாப்பாடும் கிடைத்தது. உங்கள் அப்பத்தா 76 வயதில், காய்ச்சலோடு, அநேகமாகக் கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு பதினைந்து நாள் கிடந்திருக்கிறார். காய்ச்சல் இருக்கும்போது உடம்பு தசைப் புரதத்தை உடைத்து நோயெதிர்ப்பு வேலைக்கு அனுப்பும். படுக்கையும் பட்டினியும் காய்ச்சலும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டன.

இது ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறது என்று புரிய, தொடைக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நீங்கள் அசைவம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையே போதும், பாடப்புத்தகம் வேண்டாம். உடம்பில் உள்ள மூன்று வகைத் தசையும் ஒரே பலகையில் கிடக்கும். தொடைக்கறி எலும்புத் தசை. எலும்போடு ஒட்டியிருந்து நாம் நினைத்தபடி இயங்குவது, நமக்கு இப்படி 600-க்கு மேல் இருக்கின்றன. குடல் என்று வாங்குகிறோமே, அதன் சுவரில் இருப்பது மென்தசை. நம்மைக் கேட்காமல் மெதுவாகச் சுருங்கி விரிந்து உணவைத் தள்ளுவது, இரத்தக் குழாயிலும் மூத்திரப்பையிலும் கருப்பையிலும் இதே வகைதான். மூன்றாவது இதயம். எலும்புத் தசை போல வரிவரியாக இருந்தாலும் அதன் செல்கள் கிளைத்து ஒன்றோடொன்று இணைந்திருக்கும், அதனால் மின் தூண்டல் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் பரவி எல்லாம் சேர்ந்து துடிக்கும். நாளைக்கு ஒரு லட்சம் முறை, ஓய்வு கிடையாது. படுக்கையில் கரைவது பெரும்பாலும் முதல் வகை. குறிப்பாக, நம்மை நிமிர்த்தி நிறுத்துகிற தசைகள்: தொடையின் முன்பக்கம், பிட்டம், கெண்டைக்கால். கை அவ்வளவாகக் கரைவதில்லை. படுத்திருப்பவர்கூடக் கையால் டம்ளரைத் தூக்குகிறார், போர்வையை இழுக்கிறார். காலுக்குத்தான் வேலையே இல்லை.

வெந்த தொடைக்கறியைப் பிய்த்தால் நார் நாராக வருகிறதே, அந்த ஒவ்வொரு நாரும் பல தசை இழைகள் சேர்ந்த ஒரு கட்டு. இழை என்பது ஒற்றை செல். மற்ற செல்கள் போலக் குட்டியாக உருண்டையாக இல்லாமல் பல சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடும், ஒரு செல்லுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். ஒவ்வோர் இழைக்கும் ஒரு மெல்லிய உறை, ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உறை, முழுத் தசைக்கும் ஓர் உறை. இந்த உறைகள் எல்லாம் முனையில் ஒன்றுசேர்ந்து தசைநாணாகி எலும்பில் போய்ப் பதிகின்றன. உறையும் நாணும் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். அதன் மூன்று இழை முறுக்கு வடிவத்தை 1954, 55-ல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் ஊர்ப் பாடங்களில் இதற்கு இன்னும் நிறைய இடம் கொடுக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அதே 1954-ல்தான் தசை எப்படிச் சுருங்குகிறது என்ற புதிரும் அவிழ்ந்தது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு கட்டுரை, ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு கட்டுரை, இரண்டும் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை, தனித்தனி ஆய்வுக்கூடங்கள், முடிவு மட்டும் ஒன்று. இழைக்குள் மயோசின் என்ற தடித்த நூல்களும் ஆக்டின் என்ற மெல்லிய நூல்களும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. தசை சுருங்கும்போது எந்த நூலும் குட்டையாவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உள்ளே போகிறது. தேர்வடம் இழுக்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மயோசினின் தலைகள்தான் கைகள், ஆக்டின்தான் வடம். பிடி, இழு, விடு, கொஞ்சம் முன்னால் மறுபடி பிடி. இப்படி ஓர் அடுக்கின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஒரு சென்டிமீட்டர் இழையில் 4000-க்கு மேல் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் துளித்துளி சுருங்குவதன் மொத்தம்தான் அப்பத்தா முழங்காலை நிமிர்த்துவது.

'பிடி' என்ற உத்தரவு நரம்பு வழியாக வருகிறது. நரம்பு முனையில் கசியும் ரசாயனம் இழையின் மேற்பரப்பில் ஒரு மின் அலையைக் கிளப்ப, அது உள்ளே இறங்கி, இழைக்குள் பைகளில் அடைத்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும். கால்சியம் வந்தால்தான் வடத்தின் மேல் மூடியிருக்கும் தடுப்பு விலகும். 1960-களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி இதைத் தெளிவாக்கினார். 'விடு' என்பதற்குத்தான் ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். விடுவதற்கும் செலவு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உயிர் போன சில மணி நேரத்தில் உடம்பு விறைப்பதற்குக் காரணம், ஏடிபி தீர்ந்து பிடித்த கைகள் விடாமல் நின்றுபோவதுதான்.

சித்தப்பாவின் மிஷின் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். தவளைக் காலில் மின்சாரம் பட்டால் துள்ளுகிறது என்று இத்தாலியில் கால்வானி 1791-ல் எழுதினார். மின்சாரம் தவளைக்குள்ளேயே இருக்கிறது என்றார் அவர். இல்லை, இரண்டு உலோகங்கள் சேர்வதால் வருகிறது என்று மறுத்த வோல்டா, அதை நிரூபிக்கப் போய் 1800-ல் பேட்டரியைக் கண்டுபிடித்தார். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய நம் காரைக்குடி சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வரை வந்து நிற்கிற மின்வேதியியல், ஒரு தவளைத் தொடைச் சண்டையில் தொடங்கியது என்று நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷம். மிஷின் தசையைச் சுருங்க வைக்கும், அதில் சந்தேகமில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து தொடையை இறுக்கவே முடியாதவர்களுக்கு நானும் வைக்கிறேன். ஆனால் உங்கள் அப்பத்தாவின் நரம்பு வேலை செய்கிறது, அவரால் நிற்கவும் முடிகிறது. அப்படிப்பட்டவருக்கு அது எழுந்து உட்காரும் பயிற்சிக்கு மாற்றாகாது. அந்தப் பணத்தில் குளியலறையிலும் கழிப்பறையிலும் கைப்பிடி போடச் சொல்லுங்கள்.

இனி, கரைவதற்கு வருவோம். தசைப் புரதம் கட்டி முடித்த கட்டிடம் இல்லை. தினமும் ஒரு பகுதி உடைகிறது, தினமும் ஒரு பகுதி கட்டப்படுகிறது. கட்டச் சொல்லும் உத்தரவு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, தசை மேல் ஏறும் பாரம். இன்னொன்று, சாப்பாட்டில் வரும் புரதம். படுத்தால் முதலாவது நின்றுபோகும். வயதானவர் தசைக்கு இரண்டாவதும் சரியாகக் காதில் விழாது. இளைஞனுக்குக் கொஞ்சம் புரதத்தில் கிடைக்கும் பதில், முதியவருக்கு ஒரே வேளையில் கூடுதலாகக் கொடுத்தால்தான் கிடைக்கும். உடைவது மட்டும் வழக்கம்போல நடந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

எல்லா இழைகளும் ஒரே மாதிரி கரைவதும் இல்லை. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்கும் இழைகள் உண்டு. சட்டென்று வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் இழைகள் உண்டு. கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் கால்கறி கருஞ்சிவப்பாகவும் இருப்பது இதனால்தான். நின்று நடக்கும் காலில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் நிறைய, எப்போதாவது சிறகடிக்கும் நெஞ்சில் குறைவு. மனிதர்களுக்கு ஒவ்வொரு தசையிலும் இரண்டும் கலந்தே இருக்கும். வயது ஆக ஆக முதலில் சுருங்குவது வேக இழைகள். பழனிக்கு நடப்பதற்குத் தேவை தாங்கும் இழைகள். தரையிலிருந்து எழ, படி ஏற, நிலைப்படியில் கால் தடுக்கும்போது சட்டென்று இன்னொரு காலை எட்டி வைக்கத் தேவை வேக இழைகள். அதனால்தான் அப்பத்தா வளவில் நடமாடிக்கொண்டே இருந்தாலும் எழுவது மட்டும் முடியவில்லை. 'தினமும் நடக்கத்தானே செய்கிறார்' என்று வீட்டில் சொல்வார்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, வேக இழைகளை எழுப்ப அது போதாது.

எடை மாறவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். போன தசைக்கு ஈடாகக் கொழுப்பு வந்து அமர்ந்திருக்கும், சில சமயம் தசைக் கட்டுகளின் நடுவிலேயே. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது எலும்புத் தசைதான் என்பதால், சர்க்கரைக்காரருக்கு இது இரட்டை நஷ்டம். மூன்று மாத சராசரிச் சர்க்கரை சோதனை செய்து பாருங்கள், காய்ச்சலுக்கு முன்னால் இருந்ததைவிடக் கூடியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எடைக்குப் பதிலாக இதை அளந்து பாருங்கள். கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அப்பத்தாவைக் கைகளை மார்பின் குறுக்கே கட்டச் சொல்லி, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கட்டும். ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019-ல் வகுத்த அளவுப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலம் குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் தையல் டேப்பை வைத்துச் சுற்றளவும் எடுங்கள். பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். நம் பெண்கள் இயல்பாகவே மெலிந்தவர்கள் என்பதால் இந்த இரண்டாவது எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம், முதலாவதுதான் முக்கியம். கை கட்டி ஒரு முறைகூட எழ முடியாவிட்டாலும் சரி, அதுவே தொடக்கப் புள்ளி.

மருந்தும் அதே நாற்காலிதான். ஆரம்பத்தில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எழும்போது கையால் ஊன்றினாலும் பரவாயில்லை. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனசுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். ஐந்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. இது சுலபமாகிவிட்டால் ஒரு தலையணையை எடுங்கள், பிறகு இன்னொன்றை, பிறகு கையை. அதுவும் சுலபமானால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழட்டும். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், அதுதான் அளவு. கஷ்டமே இல்லாத பயிற்சி மாசக்கணக்கில் செய்தாலும் தசைக்குச் செய்தி போகாது. முதியவர்களுக்குப் பயிற்சி சொல்லும்போது நாம் எல்லோரும் செய்கிற தப்பு, பாவம் என்று மிகக் குறைவாகக் கொடுப்பது.

செட்டிநாட்டு வீடே பாதிப் பயிற்சிக்கூடம். பட்டாலைத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது கெண்டைக்காலுக்கு. திண்ணையின் முதல் படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது தொடைக்கும் பிட்டத்துக்கும். தூணுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் சில விநாடி நிற்பது சமநிலைக்கு. ஒரே எச்சரிக்கை தரை. ஆத்தங்குடிக் கல் மெழுகின மாதிரி வழுவழுப்பாக இருக்கும், ஈரம் பட்டால் யாரையும் விழவைக்கும். துடைத்து உலர்வதற்கு முன் அந்தப் பக்கம் போகக் கூடாது. முற்றத்துத் தண்ணீர் கால்பட்டு உள்ளே வராமல் பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து எழுவதைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். நேராக எழ முயல்வதால்தான் முடியவில்லை. ஒரு பக்கமாகத் திரும்பி, கைகளை ஊன்றி, முட்டிபோட்டு, நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். துணைக்கு இருக்கும் அக்காவிடம் அன்பாகச் சொல்லுங்கள்: தூக்கிவிட வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். அந்த அக்கா நல்ல மனசோடு தினமும் இருபது முறை தூக்கிவிடுகிறார் என்றால், அப்பத்தாவின் தொடைக்குக் கிடைக்க வேண்டிய இருபது பயிற்சியை அவருடைய தோள் செய்துகொண்டிருக்கிறது.

இந்த வயதில் இது நடக்குமா என்று சித்தப்பா கேட்டால், பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். 1990-ல் வெளியான ஆய்வு. சராசரி வயது 90. எட்டு வாரம், காலுக்கு எடை ஏற்றிக் கடுமையான பயிற்சி. கடைசிவரை செய்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பளவு கூடியது 9 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நீங்கள் புரிந்துகொள்வது முக்கியம், இல்லாவிட்டால் நான்காவது வாரத்தில் தொடையைப் பார்த்துச் சோர்ந்துபோவீர்கள். முதலில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பிலிருந்து வருகிறது. ஒரு நரம்பு செல்லும் அது இயக்கும் இழைகளும் ஓர் அணி. கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அணிக்குச் சில இழைகள்தான், காலின் பெரிய தசைகளில் ஓர் அணிக்கு ஆயிரத்துக்கும் மேலே போகும். படுக்கையில் தூங்கிப்போன அணிகளைக் கூட்டாக எழுப்ப மூளை மறுபடி கற்றுக்கொள்கிறது. தசை பருப்பது அதற்குப் பிறகு, மெதுவாக. இழை செல்கள் இரண்டாகப் பிரிந்து பெருகுவதில்லை. இருக்கும் இழைதான் தடிக்கிறது. அதற்குப் புது உட்கருக்களைக் கொடுக்க, இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு துணை செல்கள் காத்திருக்கின்றன. 1961-லிருந்து நமக்குத் தெரிந்த இந்தச் செல்கள் முதியவர்களிடம் குறைவு, ஆனால் தீர்ந்துபோவதில்லை.

முதல் வாரம் வலிக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் அப்பத்தா நிறுத்திவிடுவார். மெதுவாக இறங்கி உட்காரும்போது தசை இழுபட்டுக்கொண்டே தாங்குகிறது, பழக்கமில்லாத தசையில் அப்போது நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்குப் போகும். குன்றக்குடி மலை ஏறியவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இறங்கிய தொடைதான் மறுநாள் பேசும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் என்று பரவலாகச் சொல்வார்கள், அது தவறு. அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். அமுக்கினால் வலிக்கும், அசைக்க அசைக்கக் குறையும் வலி என்றால் தொடரலாம். மூட்டுக்குள் குத்துகிற வலி, மூட்டு வீக்கம் என்றால் நிறுத்திக் காட்ட வேண்டும். நல்லெண்ணெய் தேய்த்து விடுவது இதமாக இருக்கும், தடையில்லை. பலம் அதில் ஏறாது.

சாப்பாட்டில்தான் பெரிய ஓட்டை இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் தனியாக இருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களின் தட்டு எனக்குத் தெரியும். காலையில் இரண்டு இட்லி, காப்பி. மத்தியானம் ரசம் சாதம், கொஞ்சம் மண்டியோ பொரியலோ. சாயந்திரம் ஒரு தேன்குழல். ராத்திரி இடியாப்பமும் பாலும். கூட்டிப் பார்த்தால் புரதம் 25 கிராமைத் தாண்டாது. அவர் வயதுக்கும் நிலைக்கும் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 52 முதல் 62 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, பனீர் 100 கிராமில் 18 வரை, ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 9 அல்லது 10. மீன், கோழி சாப்பிடுகிறவர் என்றால் கணக்கு சுலபம். சைவம் என்றால் பருப்பைத் தண்ணீராக்காமல் கெட்டியாக வைக்கச் சொல்லுங்கள், மூன்று வேளையும் பால் பொருளோ பயறோ இருக்கட்டும். எல்லாவற்றையும் ராத்திரிக்கு ஒதுக்காமல் வேளைக்கு 20 கிராமுக்குக் குறையாமல் பிரித்துக் கொடுங்கள். கும்மாயம் உளுந்துதானே என்று கேட்பீர்கள். உளுந்து நல்லதுதான், கூட வருகிற கருப்பட்டியும் நெய்யும் சர்க்கரைக்காரருக்கு ஆகாது. உளுந்தங்கஞ்சியாக, இனிப்பில்லாமல், மோர் விட்டுக் கொடுக்கலாம்.

தம்பி வாங்கி வந்த பவுடர் விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை. பால் புரதம்தான் அது. பல்லில்லாமல் மெல்லச் சிரமப்படுகிறவர், பசி செத்தவர் என்றால் பாலில் ஒரு கரண்டி கலந்து கொடுப்பது உதவும். அதற்கு முன் ஒரு காரியம்: அப்பத்தாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்திலும், புரதம் கசிகிறதா என்று சிறுநீரிலும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் புரதத்தின் அளவை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நானோ தம்பியோ இல்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரை. ஸ்டாடின் வகை தசை வலியைத் தரக்கூடும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? மாத்திரை எடுத்தவர்களையும் வெற்று மாத்திரை எடுத்தவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியிட்டார்கள். முதல் வருடத்தில் ஆயிரம் பேருக்குக் கூடுதலாக 11 பேருக்குத்தான் மாத்திரையால் வலியோ சோர்வோ வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்கு வலி என்றார்கள். அப்பத்தா பல வருடமாக அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறார், பிரச்சினை படுக்கைக்குப் பிறகு வந்தது என்றால் என் சந்தேகம் அதன் மேல் இல்லை. நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சிகே என்ற தசை நொதிச் சோதனை கேளுங்கள், கூடவே தைராய்டு, வைட்டமின் டி. இந்த இரண்டில் எது குறைந்தாலும் தொடை பலம் இதே மாதிரி குறையும், சரிசெய்வதும் எளிது. சர்க்கரைக்கு எடுப்பது மெட்ஃபார்மின் என்றால் வைட்டமின் பி12-ம் சேர்த்துப் பாருங்கள். தூணும் திண்ணையும் இருக்கும் வீட்டில் வாழ்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறையாது என்று நினைக்க வேண்டாம், நிழலில்தான் அவர்கள் நாள் முழுக்க இருக்கிறார்கள்.

கொரக்களிக்கு: இழுக்கும்போது கால் விரல்களை முகத்தை நோக்கி மடக்கிப் பிடித்தால் விடும். படுக்கப் போகும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் படிய அரை நிமிடம் நிற்கட்டும், மாற்றி மாற்றி மூன்று முறை. மெக்னீசியம் மாத்திரை முதியவர்களுக்கு இதில் பெரிதாக உதவவில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன.

பயிற்சி தொடங்கும் முன் இரத்த அழுத்தமும் இதயமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியெல்லாம் அப்புறம். ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் பலமிழப்பது, பேச்சு குழறுவது என்றால் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போவதும், முதுகு வலியோடு மூத்திரம் அடைத்துக்கொள்வதும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. விழுங்கும்போது புரையேறுவது, சாயந்திரம் ஆக ஆக இமை தொங்குவது, கைத்தசை சூம்பித் தானாகத் துடிப்பது, சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போவது என்றால் நரம்பியல் அல்லது பொது மருத்துவரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். நீங்கள் சென்னையில் இருப்பதால், பயிற்சி நாட்களில் வீடியோ காலில் எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணுவது உங்கள் வேலை. பேத்தி எண்ணினால் இரண்டு முறை கூடவே எழுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். எட்டு வாரம் முடிந்ததும் ஐந்து முறை எழும் சோதனையை மறுபடி செய்து விநாடிக் கணக்கை எழுதுங்கள். நேரம் குறைந்திருந்தால் படி ஏறும் பயிற்சியைக் கூட்டுவோம். அசையவே இல்லையென்றால், இரத்தச் சோதனை முடிவுகளோடு நேரில் கூட்டி வாருங்கள்.